புதரைத் தின்னும் பூச்சிகள்

வெட்டினால் தழைக்கிறது, எரித்தால் முன்னைவிட அடர்த்தியாக வருகிறது, மருந்தடிக்கக் கட்டுப்படியாகவில்லை. உண்ணிச்செடி பிடித்த நிலத்துக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கைக்கருவிகளையும் இயந்திரங்களையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். கூலி கேட்காத இன்னொரு வகை ஆளைப் பற்றி இங்கே பார்க்கப்போகிறோம்: அயல்நாட்டுப் புதரையே உணவாகக் கொண்ட பூச்சி.

பூச்சியை விட்டால் புதர் அடியோடு ஒழிந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள். சில செடிகளில் அப்படியும் நடந்திருக்கிறது. பல செடிகளில் பூச்சி அதன் வளர்ச்சி வேகத்தையும் விதையையும் குறைக்கும், மிச்ச வேலை உங்களுடையது. எந்தச் செடியில் எது நடக்கும், எந்தப் பூச்சி நமக்குத் துணை, எது வம்பு என்பதையெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தீர்மானிக்கிறது: அந்தப் பூச்சி எத்தனை வகைச் செடிகளைத் தின்னும்? அந்தப் பட்டியல் குறுகக் குறுக நமக்கு நல்லது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வழிமுறையும் அதிலிருந்து பிறந்ததுதான்.

செடி வந்தது, எதிரி வரவில்லை

உண்ணிச்செடி மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. உண்ணிமுள், நாயுண்ணி என்றும் சொல்வார்கள். 1809-ஐ ஒட்டி அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. சொந்த மண்ணில் அதன் இலையைச் சுரண்ட ஒரு வண்டு, மொட்டை உறிஞ்ச ஒரு பூச்சி, காயைத் துளைக்க ஒரு ஈ, தண்டைக் குடைய ஒரு புழு என்று ஆளுக்கொரு பங்கு வைத்திருந்தார்கள். கப்பலேறிய செடியோடு அவர்கள் யாரும் ஏறவில்லை. இங்கே உள்ள பூச்சிகளுக்கோ அந்த இலையின் மணமும் நச்சும் பழக்கமில்லை. ஆடு, மாடும் தொடுவதில்லை. தடுப்பார் இல்லாத செடி பரவியது. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில், அதாவது 40 விழுக்காட்டுக்கும் மேல், உண்ணிச்செடி புகுந்துவிட்டது என 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

விட்டுப்போன எதிரியைத் தேடிப்பிடித்து, சோதித்து, இங்கே கொண்டுவந்து சேர்ப்பதே உயிரியல் கட்டுப்பாடு. உண்ணிச்செடிக்காக முதன்முதலில் இதைச் செய்தது ஹவாய். 1902-ல் ஆல்பர்ட் கோபெல் என்ற பூச்சியியலாளரை மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். அவர் அனுப்பிய 23 வகைப் பூச்சிகளில் 8 வகை ஹவாயில் பிழைத்துக்கொண்டன. அதற்கு நூறாண்டு முன்பே, இன்னொரு செடியில், யாரும் திட்டமிடாமலேயே இதே காரியம் இந்தியாவில் நடந்திருந்தது.

சப்பாத்திக்கள்ளி கற்றுத் தந்த பாடம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் விலை உயர்ந்த சிவப்புச் சாயம் ஒரு பூச்சியிலிருந்து வந்தது. கள்ளி மட்டையில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் கொச்சினீல் பூச்சி அது. வாணிபம் ஸ்பெயினின் கையில் இருந்தது. அதைத் தன் கைக்குக் கொண்டுவரக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுக் காத்திருந்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து ஒரு கொச்சினீல் பூச்சி இந்தியாவுக்கு வந்தது. சாயத்துக்குரிய உயர்ந்த இனம் என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். வந்ததோ அதன் மட்டமான உறவு இனம், டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்.

சாய வியாபாரம் கைகூடவில்லை. ஆனால் அந்தப் பூச்சி ஓபன்ஷியா மொனகாந்தா என்ற உயரமான கள்ளியை வடக்கிலும் மத்திய இந்தியாவிலும் தின்று தீர்த்தது. இதைக் கண்டவர்கள் 1836-க்கும் 1838-க்கும் இடையில், இந்த முறை கள்ளியைக் கொல்லவே, அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860-களில் இங்கிருந்து இலங்கைக்குப் போனது. களையை அடக்குவதற்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியை எடுத்துச் சென்று வெற்றி கண்டது உலகில் அதுவே முதல் முறை.

மொனகாந்தா குறைந்தது. ஆனால் தமிழக மேய்ச்சல் நிலங்களையும் வரப்புகளையும் அடைத்துக்கொண்டிருந்த குட்டையான, மஞ்சள் முள் சப்பாத்திக்கள்ளியை, அதாவது நாகதாளியை, அந்தப் பூச்சி தொடவில்லை. இரண்டும் ஒரே பேரினம், பார்ப்பவருக்கு இரண்டும் கள்ளி. பூச்சிக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. நாகதாளிக்கென்று வேறொரு கொச்சினீல் இனம் தேவைப்பட்டது. டாக்டிலோபியஸ் ஓபன்ஷியே என்ற அந்த இனம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1924-ல் இலங்கைக்கும், இலங்கையிலிருந்து 1926-ல் இந்தியாவுக்கும் வந்தது. நூறாண்டாக அசையாத கள்ளிக்காடுகள் சில ஆண்டுகளிலேயே கருகிச் சரிந்தன. இன்று நம் ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நாகதாளி அதன் மிச்சம்தான்.

ஆஸ்திரேலியாவில் இதே கள்ளி 2.4 கோடி ஹெக்டேரைப் பிடித்திருந்தது. அங்கே வேலையை முடித்தது கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஏறத்தாழ 3,000 முட்டைகள் வந்தன. அவற்றைப் பெருக்கி மறு ஆண்டே நிலத்தில் விட்டார்கள். 1933-க்குள் பெரும்பகுதி நிலம் விவசாயத்துக்குத் திரும்பியது. குயின்ஸ்லாந்தின் பூனார்கா ஊரார் அந்தப் புழுவின் பெயரில் ஒரு மண்டபமே கட்டினார்கள். அதே அந்துப்பூச்சியை 1957-ல் கரீபியத் தீவான நெவிஸில் விட்டார்கள். அது தீவு தீவாகத் தாவி 1989-ல் ஃபுளோரிடாவை எட்டியது. அங்கே கள்ளி அயல் செடியல்ல, சொந்தச் செடி. ஆஸ்திரேலியா கொண்டாடிய புழுவைத் தடுக்க அமெரிக்கா இன்றும் செலவழிக்கிறது. கேக்டோபிளாஸ்டிஸ் பல வகைக் கள்ளிகளைத் தின்னும் என்பது முதலிலேயே தெரிந்த சங்கதிதான். சொந்தக் கள்ளி இல்லாத கண்டத்தில் அது குறையாகத் தெரியவில்லை, அவ்வளவே.

பூச்சியை எப்படித் தேர்கிறார்கள்

ஒரு பூச்சியைக் கொண்டுவருமுன் இரண்டு சோதனை கட்டாயம். முதலாவது பட்டினிச் சோதனை. களைச் செடிக்கு நெருங்கிய உறவுச் செடிகளில் தொடங்கி, தூரத்து உறவு, பிறகு அந்த நாட்டின் முக்கியப் பயிர்கள் என்று வரிசையாக ஒவ்வொன்றின் மீதும் பூச்சியை அடைத்து வைப்பார்கள். வேறு உணவு கிடையாது. அந்தச் செடியில் முட்டையிட்டுப் புழு வளர்ந்து அடுத்த தலைமுறை வருகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது தேர்வுச் சோதனை. களைச் செடியையும் மற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதற்குப் போகிறது என்று பார்ப்பது. கூண்டுக்குள் பட்டினி தாங்காமல் கடித்துப் பார்ப்பதற்கும் வெளியில் தேடிப்போய்த் தின்பதற்கும் உள்ள வேறுபாடு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்ணிச்செடியின் சாறுறிஞ்சி, டெலியோனீமியா. 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. கூண்டுச் சோதனையில் தேக்கம்பூவிலும் வாய் வைத்தது. தேக்கு நாட்டின் செல்வமாயிற்றே, இருந்த பூச்சிகளை எல்லாம் அழித்துவிட்டார்கள். ஆனால் 1951-ல் அதே பூச்சி டேராடூன் பக்கத்துப் புதர்களில் தென்பட்டது. எப்படியோ தப்பியிருக்கிறது. பிறகு நாடெங்கும் பரவியது. தேக்குக்கு வெளியில் அது சேதம் செய்யவில்லை.

பார்த்தீனியத்துக்காகக் கொண்டுவந்த மெக்சிகோ வண்டின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பார்த்தீனியம் புதரல்ல, பூண்டு. ஆனாலும் பாடம் ஒன்றே. 1983-ல் அந்த வண்டு பெங்களூருவுக்கு வந்தது, 1984-ல் வெளியே விடப்பட்டது. சில ஆண்டுகளில் சூரியகாந்தி இலையில் அதைக் கண்டு விவசாயிகள் பதறினார்கள், வண்டை விடுவதே நிறுத்தப்பட்டது. ஆராய்ந்ததில், பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து சூரியகாந்தி இலையில் படிந்த இடங்களில்தான் வண்டு கடித்தது என்று தெரிந்தது. சூரியகாந்தியில் அது குடும்பம் நடத்தவில்லை.

எள் விதைப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உகாண்டாவில் 1960-களில் டெலியோனீமியா உண்ணிச்செடியின் இலையை முழுக்கத் தீர்த்துவிட்டு, பசியோடு பக்கத்து எள் வயலில் இறங்கியது. சேதம் தற்காலிகம்தான், பூச்சி எள்ளில் நிலைக்கவில்லை. இருந்தாலும் எள் வயலை ஒட்டிய உண்ணிப்புதரைப் பூச்சியிடம் விடாமல், விதைப்புக்கு முன்பே நீங்களே வெட்டி அகற்றிவிடுவது நல்லது.

களப்பணி 1: சப்பாத்திக்கள்ளி

முதல் வேலை அடையாளம். ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். வெள்ளைப்பால் வடிந்தால் அது சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற வேறு குடும்பம். கொச்சினீல் அதைத் தொடாது, நீங்களும் விட்டுவிடுங்கள். பால் வராமல் வழவழப்பான சாறு மட்டும் கசிந்து, உடல் தட்டையான மட்டைகளாக இருந்தால் அது சப்பாத்திக்கள்ளி. இடுப்பளவோ நெஞ்சளவோ உயரம், தடித்த நீலப்பச்சை மட்டை, கொத்தாக மஞ்சள் முள், கருஞ்சிவப்புப் பழம் என்றால் நாகதாளி. ஆளுயரத்துக்கு மேல் அடிமரம் விட்டு, மெல்லிய பளபளப்பான மட்டையும் புள்ளிக்கு ஒன்றிரண்டு முள்ளும் இருந்தால் மொனகாந்தா.

இரண்டாவது, பூச்சி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். மட்டையில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் ஒரு குச்சியால் நசுக்குங்கள். இரத்தச் சிவப்பாகச் சாறு வந்தால் கொச்சினீல். பெண் பூச்சி ஓரிடத்தில் உட்கார்ந்தால் அசையாது, குஞ்சுகள் மட்டும் ஊர்ந்தோ காற்றில் மிதந்தோ அடுத்த மட்டைக்குப் போகும். அதனால் தள்ளித் தள்ளி நிற்கும் புதர்களுக்குப் பூச்சி தானாகப் போய்ச்சேர நாளாகும். அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பலாம்:

1. மழை ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். கனமழை குஞ்சுகளைக் கழுவித் தள்ளிவிடும்.
2. அதே வகைக் கள்ளியிலிருந்து, வெள்ளைத் திட்டு நிறைந்த மட்டைகளை வெட்டுங்கள். நாகதாளிப் பூச்சி நாகதாளிக்கு, மொனகாந்தா பூச்சி மொனகாந்தாவுக்கு. மாற்றி வைத்தால் பலன் தெரியாமல் போகலாம்.
3. தடித்த கையுறையும் நீண்ட இடுக்கியும் அவசியம். பெரிய முள்ளைவிட, அதன் அடியில் இருக்கும் பொடி முள்தான் தோலில் இறங்கி நாள்கணக்கில் உறுத்தும். கண்ணாடி அணியுங்கள்.
4. புதருக்கு ஒன்றிரண்டு மட்டையை, நடு உயரத்தில், வெயில் நேரடியாகப் படாத பக்கம், நல்ல மட்டையோடு தொட்டுக்கொண்டிருக்கும்படி செருகுங்கள். கீழே போடாதீர்கள், மண்ணைத் தொட்ட மட்டை வேர்விட்டுவிடும்.
5. இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். புது மட்டைகளில் வெண்புள்ளிகள் தோன்றியிருந்தால் பிடித்துவிட்டது. இல்லையென்றால் மறுபடி வையுங்கள்.
6. சரிந்து விழும் மட்டைகளில் உயிர் மிச்சம் இருக்கும். கூட்டி ஒரே இடத்தில் குவியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. முள்ளில்லாத் தீவனக் கள்ளி நட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் நாகதாளிப் பூச்சியை அந்தப் பகுதிக்கு எடுத்துச் செல்லவே கூடாது. அது தீவனக் கள்ளியையும் தின்னும். மொராக்கோவில் 2014-க்குப் பிறகு இந்தப் பூச்சியால்தான் கள்ளிப்பழத் தோட்டங்கள் அழிந்தன. அடுத்தது, மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் விடுகிறோமே, கிரிப்டோலேமஸ் பொறிவண்டு, அது கொச்சினீலையும் விரும்பித் தின்னும். அதன் புழுவும் வெள்ளைப் பஞ்சாகவே தெரியும். தொட்டால் நகர்ந்து ஓடுவது பொறிவண்டின் புழு, அசையாமல் கிடப்பது கொச்சினீல். கள்ளியில் பூச்சி வைத்திருக்கும் பருவத்தில் பக்கத்திலேயே பொறிவண்டை விட வேண்டாம்.

களப்பணி 2: உண்ணிச்செடி

இங்கே கணக்கு வேறு. உலகெங்கும் 40-க்கும் மேற்பட்ட வகை இயற்கை எதிரிகளை உண்ணிச்செடிமேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில தீவுகளில், சில வறண்ட பகுதிகளில் நல்ல பலன். மற்ற இடங்களில் அரைகுறை. காரணம் செடியிலேயே இருக்கிறது. நாம் உண்ணிச்செடி என்று சொல்வது ஒரே இனமல்ல. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து பூ அழகுக்காக உருவாக்கிய கலப்பினக் கூட்டம். இளஞ்சிவப்புப் பூ வகையை விரும்பும் பூச்சி ஆரஞ்சுப் பூ வகையை ஒதுக்கலாம். நாக்கு குறுகிய பூச்சிக்கு இலக்கும் குறுகியதாக இருக்க வேண்டும். கள்ளியில் அது அமைந்தது, இங்கே அமையவில்லை. போதாக்குறைக்கு, கோடையில் செடி இலையை உதிர்த்துவிட்டு வேரில் சேமித்ததை வைத்து உயிர் பிடித்திருக்கும். அந்த இரண்டு மூன்று மாதத்தில் இலைப்பூச்சிகள் பட்டினியில் மடியும். மழை வந்ததும் செடி முந்திக்கொள்ளும்.

ஆகவே உண்ணிச்செடியில் பூச்சியின் பங்கு செடியைக் களைக்க வைப்பது, பூவையும் காயையும் குறைப்பது. வெட்டி அகற்றுவது உங்கள் பங்கு.

பார்க்க வேண்டிய பூச்சிகள் இவை:

டெலியோனீமியா சாறுறிஞ்சி. இலையின் மேற்புறம் வெளிறிய புள்ளிகளாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் கூட்டமாக, 4 மி.மீ. கூட இல்லாத, சாம்பல் கலந்த பழுப்புப் பூச்சிகள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இறக்கை சல்லடைபோல் தெரியும். குஞ்சுகளுக்கு உடலெங்கும் முள். அவை கிடந்த இடத்தில் கருப்புத் தார்ச் சொட்டுபோல் கழிவு காய்ந்திருக்கும். தாக்கம் கூடினால் இலை சுருண்டு பழுத்து உதிரும், மொட்டு விரியாமலேயே கருகும்.

காய் ஈ. ஓபியோமியா என்று பெயர், 1921-ல் ஹவாயிலிருந்து வந்தது. பச்சைக் காயின் தோலில் வெளிறிய சுரங்கக் கோடு போட்டிருக்கும். பிளந்தால் உள்ளே சிறு வெள்ளைப் புழு. விதையை எல்லாக் காயிலும் கொல்லாது. ஆனால் புழு விழுந்த காயைப் பறவைகள் அவ்வளவாக விரும்புவதில்லை, பரவல் குறையும். ஒரு முதிர்ந்த புதர் ஆண்டுக்கு 12,000 பழம் வரை தரக்கூடியது என்பதை நினைத்தால் இதுவும் உதவிதான்.

ஆர்த்தீசியா செதில் பூச்சி. இது நண்பனல்ல. உடலைச் சுற்றி வெள்ளை மெழுகுத் தகடுகளும் பின்னால் வால்போல் நீண்ட முட்டைப்பையுமாகத் தண்டில் ஒட்டியிருக்கும். உண்ணிச்செடியைக் காயவைக்கும் என்பது உண்மை. காப்பி, தக்காளி, தோட்டத்து அழகுச்செடிகள் என்று எதையும் விடாது என்பதும் உண்மை. செயின்ட் ஹெலினா தீவில் அழிவின் விளிம்பில் இருந்த ஓர் அரிய மரத்தையே கொல்லத் தொடங்கியது. 1993-ல் ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்துதான் மரத்தைக் காப்பாற்றினார்கள். புதரைத் தின்கிறதே என்று ஆர்த்தீசியாவை எங்கும் எடுத்துச் செல்லாதீர்கள்.

இனி வேலை முறை:

1. மழை ஓய்ந்து இலை பசுமையாக இருக்கும்போது, தை மாசியில், ஒரு சுற்று வாருங்கள். பத்துப் புதர், புதருக்கு ஐந்து கிளை நுனி. எத்தனை நுனியில் சாறுறிஞ்சி இருக்கிறது என்று குறியுங்கள். பாதிக்கு மேல் இருந்தால் பூச்சி நன்றாக வேலை செய்கிறது.
2. நிலத்தை மூன்று துண்டாகப் பிரியுங்கள். பூச்சி குறைவாக உள்ள துண்டை முதலில் வெட்டுங்கள். பூச்சி நிறைந்த துண்டைக் கடைசிக்கு வையுங்கள். ஒரே வீச்சில் எல்லாவற்றையும் வெட்டினால் பூச்சிக்கு இருக்க இடமில்லை, மறுதளிர் வரும்போது தின்ன ஆளும் இருக்காது.
3. முதல் நல்ல மழைக்குப் பின், மண் நெகிழ்ந்திருக்கும்போது, காய் பழுக்கும் முன் வெட்டுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் தூர் தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் வகுத்த முறை இது: கடப்பாரையோ மண்வெட்டியோ கொண்டு, தண்டும் வேரும் சேரும் கணுப்பகுதிக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று நான்கு அங்குலத்தில் ஆணிவேரைத் துண்டியுங்கள். புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள்.
4. கவிழ்க்கும் முன், சாறுறிஞ்சி நிறைந்த நுனிக் கிளைகளை நறுக்கி, அன்றே அடுத்த துண்டின் புதர்களில் செருகுங்கள். கிளை வாட வாட பூச்சி பச்சை இலைக்கு ஏறிக்கொள்ளும். உங்கள் சொந்த நிலத்துக்குள் இதைச் செய்யலாம். காட்டு எல்லைக்குள் கிளையை வெட்டவும் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும்.
5. வெட்டிய தழையை மாட்டுக்குப் போடாதீர்கள். கல்லீரலைக் கெடுக்கும், வெயில் பட்டால் தோல் வெடிக்கும். நீண்ட தண்டுகளுக்கு வேறு பயன் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்கள் இதே தண்டில் நிஜ அளவு யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள், மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் நாற்காலியும் கட்டிலும் செய்கிறார்கள்.
6. காலியான மண்ணில் அதே மழையில் உங்கள் பகுதிப் புல்விதையைத் தூவுங்கள், கொழுக்கட்டைப்புல் போல. வெறும் மண்ணாக விட்டால் உண்ணி நாற்றே முதலில் வரும். தனி மரத்தடிகளை மறக்காதீர்கள். சின்னானும் மைனாவும் உட்கார்ந்து எச்சமிடும் இடம் அதுதான், நாற்று அங்கேதான் கூட்டமாக முளைக்கும்.

காட்டோரப் புதருக்குள் தனியாக நுழைய வேண்டாம். காட்டுப்பன்றியும் கரடியும் பகலில் படுத்திருக்கும் இடம் அது.

களப்பணி 3: சியாம் களை

கேரள எல்லையில் கம்யூனிஸ்ட் பச்சை என்று அழைக்கப்படும் செடி இது. கசக்கினால் கடுமையான மணம், முக்கோண இலை, இலையில் மூன்று நரம்புகள் எடுப்பாகத் தெரியும், குளிர்காலத்தில் வெளிர் ஊதாப் பூக்கள். இதற்கு வாய்த்த பூச்சி செசிடோகாரஸ் என்ற தண்டு முடிச்சு ஈ. கொலம்பியாவில் பிறந்தது, இந்தோனேசியா வழியாக 2002-ல் பெங்களூருவுக்கு வந்தது. சோதனை முடிந்து கர்நாடகத்திலும் கேரளத்திலும் விடப்பட்டது. பாப்புவா நியூ கினியில் இதே ஈ, கைவிட்ட காய்கறித் தோட்டங்களை மக்கள் திரும்பப் பயிரிடும் அளவுக்குச் செடியை அடக்கியது.

வேலை செய்யும் விதம் நெல்லில் ஆனைக்கொம்பன் ஈயைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். நுனி மொட்டில் ஈ முட்டையிடும், புழு உள்ளே போனதும் தண்டு அந்த இடத்தில் சுண்டைக்காய்போல் வீங்கும். செடி பூவுக்கும் தளிருக்கும் அனுப்ப வேண்டிய சத்து முடிச்சுக்குப் போகும். முடிச்சின் தோலில் கண்ணாடித்தாள்போல் மெல்லிய வட்டம் தெரிந்தால் உள்ளே கூட்டுப்புழு தயார். துளை தெரிந்தால் ஈ பறந்துவிட்டது. முட்டையிலிருந்து ஈ வர ஏறத்தாழ இரண்டு மாதம்.

உங்கள் நிலத்தில் முடிச்சு தெரிந்தால் தீ வைக்காதீர்கள். நெருப்பில் முடிச்சோடு ஈயும் போகும், செடியின் தூர் மட்டும் மறுபடி தழைக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூக்கும் முன் வெட்டுங்கள். துளையில்லாத முடிச்சுள்ள தண்டுகளைத் தனியே எடுத்து, வெட்டாத புதர்களின் நடுவே சாய்த்து வையுங்கள்.

சீமைக் கருவேலத்துக்குப் பூச்சி உண்டா?

எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி இது. தென்னாப்பிரிக்கா 1987-ல் அல்கரோபியஸ் என்ற விதை வண்டை விட்டது. மரத்தைத் தின்னும் பூச்சிகளை அப்போது வேண்டுமென்றே தவிர்த்தார்கள். நெற்று தீவனம், மரம் விறகு, நிழல் என்று பலருக்குப் பிழைப்பு அதில் இருந்தது. விதையை மட்டும் அழித்தால் பரவல் நிற்கும், இருக்கும் மரம் இருக்கட்டும் என்பது கணக்கு. வண்டு நன்றாகவே பெருகியது. ஆனால் நெற்று கீழே விழுந்ததும் ஆடுமாடு முந்திக்கொண்டு தின்றதால் பல விதைகளை வண்டு எட்டவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களை நினைத்தால் நமக்கும் அதே இழுபறிதான். தமிழ்நாட்டில் இந்த மரத்துக்கென்று விடப்பட்ட வெளிநாட்டுப் பூச்சி எதுவும் இல்லை. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நெற்று பழுக்கும் காலத்தில் ஆடுகளை வெளியே விடாமல், நெற்றைப் பொறுக்கி, இடித்து விதையோடு மாவாக்கித் தீவனத்தில் சேர்ப்பதே உங்கள் கையில் இருக்கும் விதைக் கட்டுப்பாடு.

செய்யக்கூடாதவை

வெளிநாட்டிலிருந்து எந்தப் பூச்சியையும், முட்டையையும், முடிச்சையும் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகர் அனுமதியின்றி உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்வது குற்றம். கொண்டுவந்து சோதிக்கும் வேலைக்குப் பெங்களூருவில் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் இருக்கிறது.

பெயர் தெரியாத பூச்சியை இடம் மாற்றாதீர்கள். மாதிரியைச் சாராயத்தில் போட்டு, இருந்த செடியின் கிளையோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

பூச்சி வேலை செய்யும் புதரை ஒட்டிய வயலில் கண்டபடி பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டிய நாளில் காற்று புதர்ப்பக்கம் வீசாத வேளையாகப் பாருங்கள்.

பதிவேடு

ஒரு நோட்டு போதும். நிலத்தில் மூன்று இடங்களில் கல் நட்டு எண் எழுதுங்கள். ஒவ்வொரு கல்லிலும் நின்று ஒரே திசையில், மழைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, ஆண்டுக்கு இரண்டு படம் எடுங்கள். கல்லைச் சுற்றி ஒரு மீட்டர் சதுரத்தில் மூன்றை எழுதுங்கள்: களையின் நாற்று எத்தனை, பூச்சி இருக்கும் நுனி எத்தனை, புல் எவ்வளவு பிடித்திருக்கிறது. பூச்சியின் பலனை ஒரே பருவத்தில் எடைபோட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். கள்ளியில் இரண்டாம் ஆண்டே தெரியும். உண்ணிச்செடியில் மூன்று ஆண்டாவது வேண்டும்.

நாற்றுக் கணக்கு இரண்டு மழைக்காலம் தொடர்ந்து இறங்கினால் அடுத்த துண்டுக்குப் போங்கள். இறங்கவில்லை என்றால் பூச்சியைக் குறை சொல்லும் முன் புல் பத்தியைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் பூச்சி ஒழித்த இடத்தை யாரும் பிடிக்கவில்லை என்று பொருள். அந்த ஆண்டுச் செலவை வெட்டுக் கூலிக்குக் கொடுக்காமல் புல்விதைக்கும் வேலிக்கும் கொடுங்கள்.